வெயில் விழாத இடத்தை வெறும் இடமாக்காதீர்கள்



புது வீடு கட்டுகிறவர்கள் பலர் ஒரே வேலையைச் செய்கிறார்கள். வீட்டைச் சுற்றி நாலடி மண் இருந்தால் அதையும் சிமெண்ட் போட்டு மூடிவிடுகிறார்கள். பெய்கிற மழை நேராகத் தெருவுக்குப் போகிறது. ஏனப்பா என்றால், "அங்க வெயிலே விழாது டீச்சர், என்ன வச்சாலும் வராது" என்று பதில். இன்னும் சிலர் ரோஜா பூக்கவில்லை என்று மாமரத்தின் கிளையையே வெட்டுகிறார்கள். இரண்டுமே எனக்குச் சம்மதமில்லை. ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் நேர் வெயில் வேண்டும்தான். ஆனால் செடி என்றால் பூ மட்டும்தானா?

கொடிக்காலைப் பார்த்திருப்பீர்கள். முதலில் அகத்தியை விதைத்து வளர்த்துவிட்டு, அந்த நிழலில்தான் வெற்றிலைக் கொடியை ஏற்றுவார்கள். நிழலை உண்டாக்கிப் பயிர் செய்தவர்கள் நம் ஆட்கள். தானாகக் கிடைக்கிற நிழலுக்கு நாம் சிமெண்ட் பூசுகிறோம்!

சுவரோரத்துக்கும் மரத்தடிக்கும் பெரணி, மணி பிளாண்ட், சிங்கோனியம், அக்லோனிமா, மருள் எல்லாம் வரும். ஒருமுறை வைத்தால் வருஷக்கணக்கில் நிற்கும். ஆனால் நிழல் என்றால் இருட்டு இல்லை. பகலில் விளக்குப் போடாமல் புத்தகம் படிக்க முடிகிற வெளிச்சமாவது வேண்டும். பச்சையம் பற்றி வகுப்பில் படித்தது நினைவிருக்கிறதா? இலையில் வெள்ளையாக இருக்கும் இடத்தில் பச்சையம் கிடையாது. அதனால் வெள்ளை அதிகமுள்ள செடிக்குக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் தர வேண்டும். முழுப் பச்சை இலைச் செடி குறைந்த வெளிச்சத்திலும் சமாளித்துக்கொள்ளும்.

நிழல் செடி தண்ணீர் இல்லாமல் சாவதைவிடத் தண்ணீர் மிகுந்து அழுகுவதுதான் அதிகம். நிழலில் மண் சீக்கிரம் காயாது. விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் வாளியைத் தூக்காதீர்கள். கலேடியம் இலையெல்லாம் வாடி விழுந்தால் செத்துப்போச்சு என்று பிடுங்கி எறியாதீர்கள். கிழங்கு உள்ளே உறங்கும், பருவம் வந்தால் துளிர்க்கும்.

ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பு. தவழுகிற குழந்தை இருக்கும் வீட்டில் டிஃபன்பேக்கியா வேண்டவே வேண்டாம். கடித்தால் வாய் எரிந்து வீங்கும். சேனைக்கிழங்கு நறுக்கும்போது கை அரிக்கக் காரணமான அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள்தான் அதிலும் இருக்கின்றன. கலேடியத்திலும் மணி பிளாண்டிலும்கூட உண்டு, அவற்றை எட்டாத உயரத்தில் வையுங்கள். அழகாக இருக்கிறது என்று விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

என் வீட்டுப் பின்பக்கம் மஞ்சள் கரை மருள் புதராகிக் கிடக்கிறது. வேண்டுகிறவர்கள் ஞாயிறு காலை வாருங்கள், கிழங்கோடு பிரித்துத் தருகிறேன். இலையை மட்டும் வெட்டிக்கொண்டுபோய் ஊன்றினால் முளைக்கும், ஆனால் மஞ்சள் கரை வராது, வெறும் பச்சைதான் வரும். பழைய அரிசிப் பை ஒன்று கொண்டுவாருங்கள்.