ஆசிரியர் உரை: பள்ளி உபரியும் பால் பெட்டியின் தேதியும்

அமெரிக்காவில் 2023 ஜனவரி 5 அன்று கையெழுத்தான உணவு நன்கொடை மேம்பாட்டுச் சட்டம், நேரடியாக உணவு வழங்கத் தகுதியுள்ளோர் பட்டியலில் பள்ளி உணவு நிர்வாகங்களைப் பெயர் சொல்லியே சேர்த்தது. 1996-இன் பில் எமர்சன் சட்டம், உணவு வங்கி போன்ற இலாப நோக்கற்ற அமைப்புகளின் வழியே கொடுத்தவர்களுக்கு மட்டுமே வழக்கிலிருந்து காப்பு அளித்துவந்தது. இப்போது பசியோடு வருபவரின் கையிலேயே கொடுத்தாலும் காப்பு உண்டு. கொடுப்பது நல்லெண்ணத்தோடும் விலையின்றியும் இருக்க வேண்டும். கடும் அலட்சியமும் வேண்டுமென்றே செய்த தீங்கும் முன்போலவே காப்புக்கு வெளியே நிற்கின்றன.

ஆனால் பள்ளி மதிய உணவுச் சட்டம் இதற்கு ஏற்றபடி மாறவில்லை. 2011 நவம்பரில் அதில் சேர்ந்த உட்பிரிவு, மீந்த உணவை வரிவிலக்குப் பெற்ற உணவு வங்கிக்கோ அறநிறுவனத்துக்கோ தர அனுமதிக்கிறது. வீடற்றவருக்கு நேரே தருவது பற்றி அதில் பேச்சே இல்லை. காப்பு ஒரு சட்டத்தில், அனுமதி இன்னொன்றில். இந்த முரண் தீரும்வரை உள்ளூர் அமைப்பு ஒன்றுடன் எழுத்துமூல உடன்பாடு வைத்திருப்பதே நிர்வாகங்களுக்குப் பாதுகாப்பு.

ஒதுங்கி நிற்கவும் எல்லோராலும் முடியாது. கலிஃபோர்னியாவில் சமையலறை வசதியுள்ள பள்ளி நிர்வாகங்கள், குப்பைக்குப் போகவிருக்கும் உண்ணத்தக்க உணவை இயன்றவரை மீட்டுக் கொடுப்பது 2024 ஜனவரி முதல் கட்டாயம். உலக இயற்கை நிதியம் 2019-இல் வெளியிட்ட மதிப்பீடு, அமெரிக்கப் பள்ளிகளில் ஆண்டுக்கு 5,30,000 டன் உணவும் 4.5 கோடி கேலன் பாலும் வீணாவதாகச் சொல்கிறது.

அந்தப் பாலில்தான் சிக்கல் தொடங்குகிறது. காப்பு பெற, உணவு பார்வைக்கு நன்றாக இருந்தால் போதாது. கூட்டாட்சி, மாநில, உள்ளூர் விதிகள் கேட்கும் தரமும் லேபிளும் அதற்கு இருக்க வேண்டும். லேபிள் விதிகளில் எது உடல்நலத்தைக் காப்பது, எது விற்பனை வசதிக்காக வைத்தது என்று சட்டம் பிரித்துக் காட்டவில்லை. ஒவ்வாமைப் பொருளைக் குறிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. ‘இதற்குள் விற்கவும்’ என்ற தேதி கடந்ததால் மட்டும் சரியாகக் குளிரூட்டிய பால் நஞ்சாகிவிடாது. கூட்டாட்சிச் சட்டம் தேதியைக் கட்டாயமாக்கியிருப்பது குழந்தைகளுக்கான பால்மாவுக்கு மட்டும்தான். மற்றதெல்லாம் மாநிலங்களின் விருப்பம். மொன்டானாவில் பதப்படுத்திய பன்னிரண்டாம் நாளோடு பாலின் விற்பனைத் தேதி முடிகிறது. பிறகு விற்கவும் கூடாது, தானமாகக் கொடுக்கவும் கூடாது. வேறு மாநிலத்தில் தாராளமாகக் குடிக்கும் பால் அங்கே சாக்கடைக்குப் போகிறது. இதில் அறிவியல் எங்கே இருக்கிறது?

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க விதி எழுத வேண்டியது வேளாண் துறை. 2023-உம் போனது, 2024-உம் போனது, விதி வரவில்லை. அதே துறைதான் 2030-க்குள் உணவு வீணாவதைப் பாதியாக்குவோம் என்று 2015-இல் முழங்கியது; 2024 ஜூனில் தேசிய வியூகம் என்று ஓர் ஆவணத்தையும் வெளியிட்டது. முழக்கத்துக்கும் வியூகத்துக்கும் கிடைத்த நேரம், சமையலறை மேலாளருக்குத் தேவையான சில பத்தி விதிக்குக் கிடைக்கவில்லை. கலிஃபோர்னியாவோ காத்திருக்கவில்லை. நுகர்வோர் கண்ணில் படும்படி ‘இதற்குள் விற்கவும்’ என்று அச்சிடுவதை 2026 ஜூலை முதல் தடுக்கும் சட்டத்தை 2024-லேயே இயற்றிவிட்டது.

இதற்கிடையில் சமையலறைகள் தம் பங்கைச் செய்யலாம். சூடான உணவை 57 டிகிரி செல்சியசுக்குக் குறையாமலும் குளிர்ந்ததை 5 டிகிரிக்கு மேல் போகாமலும் வைத்து, வெப்பநிலைப் பதிவேட்டின் நகலை உணவோடு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் உணவின் பெயர், சமைத்த நேரம், ஒன்பது முக்கிய ஒவ்வாமைப் பொருள்களில் எவை உள்ளன என்ற சீட்டு வேண்டும். 2023 முதல் எள்ளும் அந்த ஒன்பதில் ஒன்று. மாநிலத்தின் தேதி விதி என்ன சொல்கிறது என்பதைச் சட்ட ஆலோசகரிடம் எழுத்தில் வாங்கி வைப்பதும் அவசியம். தேதி கடந்த பாலுக்கு மட்டும் இவை எதுவும் உதவாது. அதற்கு வேளாண் துறை விதி எழுதியே ஆக வேண்டும்.