முதல் இயலைத் தாண்டிச் சென்றவர்கள்

மகிழ்ச்சிக்கு வழிகாட்டும் நூல்களுள் கற்றறிந்தோரும் மதிப்போடு சுட்டுவது, ஆங்கிலேய மெய்யியலறிஞர் பெர்ட்ரண்டு ரசல் 1930ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி கான்குவெஸ்ட் ஆஃப் ஹேப்பினஸ்’. மகிழ்ச்சியை வென்றெடுத்தல் என்பது அதன் பொருள். மாணவர்க்குப் பரிசாக வழங்கத்தக்கதென்றும், சோர்வுற்ற ஆசிரியர்க்கு மருந்தென்றும் அதனைப் போற்றுவோர் உளர். அவர்களுள் அதனை இருமுறை பயின்றோர் மிகச் சிலரே. மறுமுறை பயின்றிருப்பின், அந்நூலைக் காட்டிப் பிறர் வாயை அடைக்கும் துணிவு அவர்களுக்குப் பிறந்திராது.

துன்புறுவோன் துன்பத்திற்கு அவன் மனமே காரணம்; மனம் மாறின் மகிழ்ச்சி வரும். இதுவே ரசலின் முடிபென அவர்கள் கொள்கின்றனர். நூலின் முதல் இயலோ இக்கூற்றுக்கு வேலியிடுகிறது. வெளிப்படையான புறக்காரணம் ஏதுமின்றி நாள்தோறும் வாடுவோரின் துயரையே ஆராயப் புகுவதாக ரசல் அங்கே வரையறுக்கிறார். உணவுக்கும் உறையுளுக்கும் போதிய வருவாயும், ஓரளவு உடல்நலமும் உடையோரை எண்ணியே எழுதுகிறார். மக்களைப் பெற்று இழந்தோர் துயர் போன்றவற்றை வேறு வகையின என்று விலக்குகிறார். போரும், பொருட்சுரண்டலும், கொடுமையையும் அச்சத்தையும் ஊட்டும் கல்வியும் ஒழியவேண்டும் என்பது அவர் கொள்கையே; அதனை இந்நூலில் பேசப்போவதில்லை என்றும் சொல்லிவிடுகிறார். 1927ஆம் ஆண்டில் மனைவி டோராவுடன் தாமே ஒரு பள்ளியைத் தொடங்கியவர், கல்வியையும் அப்பட்டியலில் சேர்த்ததை ஆசிரியர் கவனித்தல் தகும்.

நூல் வெளிவந்த அதே காலத்தில் மலாயாவில் ரப்பர் விலை வீழ்ந்தது. வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் கப்பலேற்றித் தாயகம் அனுப்பப்பட்டனர். துறைமுகத்தில் மூட்டையோடு காத்திருந்தவனை நோக்கி, “தன்னையே எண்ணுவதை விடு, புறவுலகில் நாட்டங்கொள்” என்று ரசல் கூறவில்லை; கூறவும் மாட்டார். முதல் இயலைத் தாண்டிச் சென்றவர்களே அவர் பெயரால் அதனைக் கூறுகின்றனர். காலையுணவின்றி வகுப்பில் தலைகவிழ்ந்திருக்கும் சிறுவனுக்கு ஊக்கமொழி எழுதிய அட்டையை நீட்டுவோரும் இவர்களே.

இனி, ரசலும் குறையற்றவர் அல்லர். அழுக்காறு பற்றிய இயலில், வகுப்புகளுக்கிடையே நீதியை உந்தும் முதன்மை ஆற்றல் அழுக்காறே என்று ஒப்புகிறார். ஆயினும் அதனால் விளையும் நீதி மிக இழிந்ததாக அமையக்கூடும் என அஞ்சுகிறார். முழுக்கூலி கேட்பவன் பிறர் செல்வங்கண்டு பொறுக்காமலா கேட்கிறான்? பிரதமராயிருந்தவரின் மாளிகையில் வளர்ந்த பேரனுக்கு அக்கேள்வி அவ்வாறு ஒலித்தது போலும்!

அதே மாளிகையில் அவர் பெற்றோரை இழந்த குழந்தை. ஐந்து வயதில், எழுபது ஆண்டு வாழ நேரின் பதினான்கில் ஒரு பங்கே கழிந்தது என எண்ணி மலைத்ததாகவும், இளமையில் தற்கொலை எண்ணத்தினின்று தம்மைக் காத்தது மேலும் கணிதம் அறியும் வேட்கையே எனவும் எழுதுகிறார். இங்கேதான் நூல் உயிர்பெறுகிறது. அறிவுரையாளரின் பீடம் மறைந்து, தப்பிப் பிழைத்தவரின் குரல் எழுகிறது.

சலிப்பைப் பற்றிய இயலும் அத்தகையதே. குழந்தைகள் ஓரளவு சலிப்பைத் தாங்கப் பழகவேண்டும், தம் முயற்சியாலேயே இன்பத்தைத் தேடிக்கொள்ளவேண்டும் என்கிறார். பெருநூல்கள் அனைத்திலும் சலிப்பூட்டும் பகுதிகள் உண்டு என்றும் நினைவூட்டுகிறார். வரையறைகள் நிறைந்த முதல் இயல் அத்தகைய பகுதியாகத் தோன்றியதால்தான் அவர்கள் அதனைத் தாண்டிச் சென்றனர் போலும்.