முகப்புப் பாடலுக்குப் பின்னால்

கொரிய இசைக்குழு ஒன்று புதிய ஆல்பம் வெளியிடும்போது, அதிலுள்ள ஐந்தாறு பாடல்களுள் பெரும்பாலும் ஒன்றுக்குத்தான் முடிசூட்டப்படுகிறது. அதற்கு ‘டைட்டில் பாடல்’ என்று பெயர். முகப்புப் பாடல் என்று நாம் சொல்லலாம். பெருஞ்செலவில் எடுக்கப்படும் காணொளி அதற்கே. வியாழன் முதல் ஞாயிறு வரை எம் கவுண்ட்டவுன், மியூசிக் பேங்க், மியூசிக் கோர், இன்கிகாயோ எனத் தொடரும் தொலைக்காட்சி மேடைகளிலும் பெரும்பாலும் அதுவே ஒலிக்கும். (மியூசிக் பேங்க் என்ற பெயரைக் கண்டு எங்கள் துறையினர் மகிழ வேண்டியதில்லை, அங்கே வைப்புத்தொகை ஏற்கப்படுவதில்லை.) எஞ்சிய பாடல்களைக் கொரியர்கள் ‘சுரோக்கோக்’ என்பர். ‘உடன் சேர்க்கப்பட்ட பாடல்’ என்பது அதன் பொருள். சில வாரங்களில் விளம்பரப் பணி முடிந்து குழு அடுத்த ஆல்பத்திற்குச் சென்றுவிடும். உடன் சேர்ந்தவை சேர்ந்த இடத்திலேயே கிடக்கும்.

கொரியப் பாப் இசை ஆலையில் வார்த்தெடுத்த பண்டம், எல்லாம் ஒரே அச்சு என்று என் வயதையொத்த பெற்றோர் பலர் கூறக் கேட்கிறேன். அத்தீர்ப்பு முகப்புப் பாடல்களை மட்டும் கேட்டு எழுதப்பட்டது என்பதே என் கருத்து. ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் தலைவரின் உரையை மட்டும் படித்துவிட்டு முதலீடு செய்பவரை நாம் மெச்சுவதில்லை. கணக்குகளுக்கான குறிப்புகள் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். விவரம் அறிந்தவர் அங்கிருந்துதான் தொடங்குவார்.

முகப்புப் பாடல் ஓரளவு ஒரே அச்சில் இருப்பதற்குக் காரணம் உண்டு. மூன்று நிமிடங்களுக்குள் அது தன் வேலையை முடிக்க வேண்டும். ரசிகர்கள் எளிதில் பின்பற்றும் ஓர் அசைவாவது நடனத்தில் இருக்க வேண்டும். ஏழெட்டுப் பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரியேனும் கிடைக்க வேண்டும். இத்தனை நிபந்தனைகளைச் சுமந்த பாடலிடம் தயக்கத்தையோ மௌனத்தையோ எதிர்பார்ப்பது நியாயமன்று. அந்தச் சுமை இல்லாத இடத்தில்தான் இசையமைப்பாளர் துணிவுடன் நடக்கிறார்.

ரெட் வெல்வெட் குழு 2017-இல் வெளியிட்ட ‘பர்ஃபெக்ட் வெல்வெட்’ ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். அதன் முகப்புப் பாடலான ‘பீக்-அ-பூ’ துள்ளலும் குறும்பும் நிறைந்தது. அதே ஆல்பத்தின் உள்ளே ‘கிங்டம் கம்’ என்றொரு பாடல் இருக்கிறது. அவசரமில்லாத தாளத்தில் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுச் செல்லும் இப்பாடலுக்குக் காணொளி கிடையாது. ஆயினும் அக்குழுவின் தீவிர ரசிகர்களிடம் மிகப் பிடித்த பாடல் எதுவென்று கேட்டால், பலர் இதன் பெயரைத்தான் சொல்வர்.

பிடிஎஸ் குழுவின் ‘லவ் யுவர்செல்ஃப்: டியர்’ ஆல்பம் 2018 மே மாதம் வெளியானது, அமெரிக்காவின் பில்போர்டு 200 ஆல்பம் பட்டியலில் முதலிடம் பெற்ற முதல் கொரிய ஆல்பம் அதுவே. ‘ஃபேக் லவ்’ என்ற முகப்புப் பாடலை உலகமே அறியும். அந்த ஆல்பத்தில் ‘134340’ என்னும் எண்ணையே தலைப்பாகக் கொண்ட பாடல் ஒன்று உண்டு. 2006-இல் புளூட்டோ கோள்களின் வரிசையிலிருந்து நீக்கப்பட்டபின் அதற்கு வழங்கப்பட்ட எண் அது. காதலியின் நினைவிலிருந்து அகற்றப்பட்டவன், பெயர் பறிபோய் எண்ணாகிவிட்ட அந்தப் புளூட்டோவாகத் தன்னை உணர்கிறான். துயரம்தான் பொருள், ஆனால் புல்லாங்குழல் ஒலி இழையோட, அழாமல் நடக்கிறது பாடல். வாடிக்கையாளர்களை எண்களால் அறியும் தொழிலில் இருப்பதாலோ என்னவோ, இத்தலைப்பு என்னை அசைத்துவிட்டது.

உள்ளே கிடந்த பாடல் முகப்பையே முந்திச் சென்றதும் உண்டு. ஐடில் குழு 2024 ஜனவரியில் வெளியிட்ட இரண்டாம் முழு ஆல்பத்திற்கு ‘சூப்பர் லேடி’ முகப்புப் பாடல். கேட்டவர்களோ ‘ஃபேட்’ என்ற உடன்பாடலைத் தேர்ந்தெடுத்தனர். ‘வலி என்றாலே எனக்கு அறவே ஆகாது’ என்ற பொருள் தரும் நீண்ட கொரியத் தலைப்பு கொண்ட பாடல் அது. குழுவின் தலைவி சோயோன் எழுதியது. கொரியத் தரவரிசையில் முகப்புப் பாடலைவிட அது உயர்ந்து நின்றது. எதை முன்னிறுத்துவது என்று நிறுவனம் முடிவு செய்யலாம். எதைத் திரும்பக் கேட்பது என்பது கேட்பவர் கையில்தான் இருக்கிறது.

காலம் கடந்து எழும் பாடல்களைக் குறிக்கக் கொரியர்களிடம் ‘யோக்ஜூஹேங்’ என்றொரு சொல் உண்டு. சாலையில் எதிர்த்திசையில் வண்டி ஓட்டுவதற்கான சொல் அது. பிரேவ் கேர்ள்ஸ் குழுவின் ‘ரோலின்’ 2017-இல் வெளிவந்து கவனிப்பாரற்றுப் போயிற்று. இராணுவ முகாம்களில் அவர்கள் அதை ஆடிப்பாடிய காட்சிகளின் தொகுப்பு 2021-இல் இணையத்தில் பரவ, கலைந்துவிடும் நிலையில் இருந்த குழுவின் பாடல் நான்காண்டுகள் கழித்து முதலிடத்தை அடைந்தது. அது முகப்புப் பாடலாக வெளியானது என்பதை மறக்கலாகாது. காணொளியும் விளம்பரமும் பெற்ற பாடலுக்கே அந்த நிலை என்றால், அவை இல்லாதவற்றின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. 2009-இல் கொரிய அரசு வகுத்த மாதிரி ஒப்பந்தத்தின்படி குழுக்களின் ஒப்பந்தக் காலம் பொதுவாக ஏழாண்டு. அதற்குள் காது கிடைக்காத பாடலை மேடையில் மீண்டும் பாட அந்தக் குழுவே இல்லாமற்போகலாம்.

இவ்விடத்தில் பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரே ஆல்பம் பல பதிப்புகளாக விற்கப்படுகிறது. ஒவ்வொன்றிலும் எந்தக் கலைஞரின் படஅட்டை இருக்குமென்று திறக்கும்வரை தெரியாது. கலைஞரை நேரில் சந்திக்கும் குலுக்கலில், வாங்கிய பிரதிகள் கூடக்கூட வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே ஒருவரே பத்து, இருபது பிரதிகள் வாங்குகிறார். 2024-இல் டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் செவன்டீன் குழுவின் ஆல்பங்கள் தெருவோரம் குவியலாக விடப்பட்டிருந்த படங்கள் பரவின. அட்டை எடுக்கப்பட்டது, இசைக்குத் தேவை இருக்கவில்லை. ஆல்பம் வாங்கப் பணம் கேட்கும் பிள்ளைகளிடம் நான் கூறுவது ஒன்றுதான்: ஒரு பிரதி போதும், ஆனால் அதிலுள்ள எல்லாப் பாடல்களையும் கேளுங்கள். என் மகள் முதலில் முகம் சுளித்தாள். இப்போது ஐந்தாம் பாடலைப் பற்றி என்னுடன் வாதிடுகிறாள்.

உள்ளே கிடப்பவை யாவும் மாணிக்கம் என்று நான் வாதிடவில்லை. இடம் நிரப்ப வைக்கப்பட்டவை ஏராளம். பிறர் அறியாதது என்பதற்காகவே ஒரு பாடலைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் பெருமிதமும் ரசிகர்களிடையே உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. கேட்டுப் பார்த்துப் புறந்தள்ளுவது வேறு, கேளாமலே புறந்தள்ளுவது வேறு.

தொடங்க விரும்புவோர்க்கு ஒரு வழி கூறுகிறேன். ஆல்பத்தின் கடைசி இரண்டு பாடல்களை முதலில் கேளுங்கள். மெதுவான பாடல்களும் ரசிகர்களுக்கென எழுதப்பட்டவையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அடுத்து, பாடலாசிரியர் பட்டியலில் குழுவினரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்ட்ரே கிட்ஸ் குழுவில் பாங் சான், சாங்பின், ஹான் மூவரும், செவன்டீனில் வூஜியும் தாமே எழுதுகிறவர்கள். ஒரே ஒரு பாடலுக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர்கள் ‘134340’-ஐத் தேடலாம். பாடலின் பெயரே எண் என்பதால் தட்டச்சு செய்வது எளிது.