வெள்ளைத்துணியில் எதுவும் மறைவதில்லை

ஜூலை இறுதி வாரம் வந்ததும் நம் பக்கங்களெங்கும் அந்துப்பூச்சிகள். 2012இல் தொடங்கிய அந்துப்பூச்சி வாரத்தை ஒட்டி இரவில் வெள்ளைத்துணி கட்டி விளக்கேற்றுகிறோம். வந்தமர்ந்ததைப் படமெடுத்து, ‘அற்புதமான உருமறைப்பு’ என்று எழுதுகிறோம். எதில் மறைந்திருக்கிறது அது? துணியிலா?

நான் முதுகலையில் மொழியியல் பயின்றவன். தொடரிலிருந்து பிடுங்கிய சொல்லுக்குப் பொருள் உரைப்பது எவ்வளவு பிழையோ, அவ்வளவு பிழை இதுவும். உருமறைப்பு சிறகின் பண்பு அன்று. சிறகு, பின்புலம், தேடும் கண் ஆகிய மூன்றுக்கும் இடையிலான உறவு. துணி, பின்புலத்தை அழித்துவிடுகிறது.

வரலாறும் இதையே கூறுகிறது. 1950களில் கெட்டில்வெல் இங்கிலாந்தில் அந்துப்பூச்சிகளை அடிமரங்களில் விட்டுச் சோதித்தார். அவை இயல்பில் அங்கேதான் அமருமா என்ற ஐயம் அவர் ஆய்வையே பல்லாண்டு உலுக்கியது. பின்னர் மஜெரஸ் மரமேறித் தேடினார். பாதிக்கு மேற்பட்டவை கிளைகளில் இருந்தன. 2001 முதல் 2007 வரை 4,864 பூச்சிகளைக் கொண்டு அவர் நடத்திய சோதனை கெட்டில்வெல்லின் முடிவை உறுதிப்படுத்தியது. கொரிய ஆய்வொன்றோ, பட்டையில் இறங்கிய பூச்சி தன் இடத்தையும் உடல் திசையையும் மாற்றிக்கொண்டு மேலும் புலப்படாமல் போவதைக் காட்டியது. மறைதல் ஒரு செயல். துணியில் அச்செயல் நிகழ்வதில்லை.

வித்துராவில் இது வெறும் கோட்பாட்டுச் சிக்கல் அன்று. இங்கே பொன்முடி அடிவாரக் காடும் ரப்பர்த் தோட்டமும் அருகருகே நிற்கின்றன. விளக்குக்கு வந்த பூச்சி எந்தப் பட்டையிலிருந்து வந்தது? நம் பட்டியல் சொல்லாது. காட்டுமரம் சாய்ந்து ரப்பர் நிற்கும் இடத்தில் அப்பூச்சி பகலை எங்கே கழிக்கும் என்பதையும் சொல்லாது. விளக்கருகே பெயர் பதிவாகும்வரை இழப்பு நம் கண்ணில் படாது.

துணியை எறியச் சொல்லவில்லை. எவ்வினங்கள் உள்ளன என்றறிய அது வேண்டும். ஆனால் விடிந்ததும் ஒரே ஒரு மரத்தின்முன் பத்து நிமிடம் நில்லுங்கள். நேராக அன்று, பக்கவாட்டில் பாருங்கள். பட்டையில் சமச்சீரான கோடுகளையும் சிறகோரத்தின் மெல்லிய நிழலையும் தேடுங்கள். கண்டால் தொடாதீர்கள், மரம், உயரம், தலை நோக்கும் திசை ஆகியவற்றைக் குறியுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. இடம் தெரியாத நூறு பெயர்களைவிட, இடம் தெரிந்த ஒரு பூச்சி ஆய்வுக்கு உதவும்.