லீ தியே விலைக்கு வாங்கிய நாற்காலி

2003 ஜனவரி 1, லிவர்பூல் நகரத்தின் குடிசன் பார்க் மைதானம். எவர்ட்டனும் மான்செஸ்டர் சிட்டியும் மோதுகின்றன. சிட்டியிடம் எண்ணெய்ப் பணம் வந்து சேர இன்னும் ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கிறது. ஆட்டம் 2-2 என டிராவில் முடிந்தது. சாதாரணமாக இப்படி ஓர் ஆட்டத்தை மறுநாளே மறந்துவிடுவார்கள். ஆனால் அன்று இந்த ஆட்டத்தைச் சீனாவில் மட்டும் 36 கோடிப் பேர் டி.வி.யில் பார்த்ததாகக் கணக்குச் சொன்னார்கள். கணக்கில் கொஞ்சம் மிகை இருந்தால் இருக்கட்டும், பாதியைக் கழித்தாலும் இங்கிலாந்தின் மக்கள்தொகையைப்போல மூன்று மடங்கு தேறும்.

காரணம், சிட்டியில் ஒரு சீனர், எவர்ட்டனில் ஒரு சீனர். சிட்டிக்காரர் சுன் ஜிஹாய். எவர்ட்டன்காரரின் பெயர் லீ தியே. ‘தியே’ என்றால் சீன மொழியில் இரும்பு. இந்த வாரம் நாம் பார்க்கப்போவது அந்த இரும்பின் கதையைத்தான்.

லீ தியே 1977-ல் பிறந்தார். சொந்த ஊர் ஷென்யாங். சீனாவின் வடகிழக்கில், ஆலைகளும் கடும் பனியும் நிறைந்த நகரம். அவருக்குப் பதினாறு வயதானபோது நாட்டில் ஒரு விநோதமான திட்டம் தொடங்கியது. ஜியான்லிபாவ் என்ற குளிர்பானக் கம்பெனி பணம் போட, இருபதுக்கும் மேற்பட்ட பையன்களைத் தேர்ந்தெடுத்துக் கால்பந்து கற்றுக்கொள்ள பிரேசிலுக்கே அனுப்பினார்கள். ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல. ஐந்து வருடம்! மொழி தெரியாத ஊரில், வீட்டை விட்டு, பூமிப்பந்தின் மறுபக்கத்தில் அந்தப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். பெற்ற வயிறுகள் இங்கே என்ன பாடுபட்டிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

அந்தக் கூட்டத்தில் லீ தியேவைவிடத் திறமைசாலிகள் இருந்தார்கள். பந்தைக் காலில் ஒட்டவைத்து ஆடும் நேர்த்தி அவரிடம் கிடையாது. அவரிடம் இருந்தது ஓட்டம். பயிற்சி முடிந்து மற்றவர்கள் குளிக்கப் போனபிறகும் ஓடுவார். ‘எவ்வளவு ஓடினாலும் சாகாதவன்’ என்ற பட்டப்பெயரே வந்தது. எதிரணிக்காரன் போகுமிடமெல்லாம் நிழலாகத் துரத்தி, பந்தைப் பறித்து, பக்கத்தில் இருப்பவனிடம் கொடுத்துவிடுவதுதான் அவர் வேலை. கோல் அடிப்பவனுக்கு மாலை விழும், இவருக்கு மூச்சு வாங்கும். ஆனாலும் இப்படி ஒருவன் நடுவில் இல்லாமல் எந்த அணியும் ஜெயித்ததில்லை.

ஊர் திரும்பியதும் சொந்த மாகாணமான லியாவ்னிங் அணியில் சேர்ந்தார். 1999-ல், அப்போதுதான் முதல் பிரிவுக்கு ஏறி வந்திருந்த அந்த இளைஞர் பட்டாளம், லீக் பட்டத்தை ஒரே ஒரு புள்ளியில் தவறவிட்டது. அடுத்து, 2001 அக்டோபர் 7. ஷென்யாங்கின் வூலிஹே மைதானத்தில் ஓமனை 1-0 என்று வென்று, சீனா முதன்முதலாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. சொந்த ஊரில், சொந்த ஜனங்களுக்கு முன்னால்! அன்று இரவு ஷென்யாங் தூங்கவில்லை.

2002 உலகக் கோப்பையில் என்ன நடந்தது என்பதை வேகமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நல்லது. கோஸ்டா ரிகாவிடம் 0-2, பிரேசிலிடம் 0-4, துருக்கியிடம் 0-3. மூன்று ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை. அதற்குப் பிறகு இன்றுவரை சீன ஆண்கள் அணி உலகக் கோப்பையில் ஆடியதில்லை.

ஆனால் லீ தியேவுக்கு மட்டும் கதவு திறந்தது. எவர்ட்டன் சட்டையில் பெயர் போட்டுக்கொள்ள ஒரு சீன செல்போன் கம்பெனி பணம் கொடுத்தது. அதன் கூடவே லோனில் வந்து சேர்ந்தவர் இவர். ‘சட்டையோடு வந்த இலவச இணைப்பு’ என்று கேலி பேசியவர்களும் உண்டு. அந்த வாயெல்லாம் சீக்கிரமே மூடிக்கொண்டது. முதல் சீஸனிலேயே 29 லீக் ஆட்டங்களில் இறங்கினார். பதினாறு வயது வேய்ன் ரூனி உலகுக்கு அறிமுகமானதும் அதே சீஸனில், அதே அணியில்தான். எவர்ட்டன் ஏழாவது இடத்தில் முடித்தது. இரும்பு வென்றுவிட்டது என்று சீனா கொண்டாடியது.

2004-ல் தேசிய அணிக்காகப் போனபோது கால் முறிந்தது. பிறகு அந்த ஓட்டம் பழையபடி வரவில்லை. எவர்ட்டனில் மூலையில் உட்காரவைத்தார்கள். ஷெஃபீல்டுக்குப் போனார், அங்கேயும் பெஞ்ச்தான். நாடு திரும்பி இன்னும் சில வருடம் ஆடிவிட்டு ஓய்வு பெற்றார். நாட்டுக்காக ஆடிய ஆட்டங்கள் மொத்தம் 92. கதை இங்கேயே முடிந்திருந்தால் ஷென்யாங்கில் ஏதாவது ஒரு பள்ளி மைதானத்துக்கு அவர் பெயரை வைத்திருப்பார்கள்.

முடியவில்லை. கோச்சாகப் புது வாழ்க்கை தொடங்கியது. தொடக்கம் அருமையான தொடக்கம். இத்தாலிக்கு உலகக் கோப்பை வாங்கிக்கொடுத்த மார்ச்செல்லோ லிப்பியிடம், குவாங்ஜோ எவர்கிராண்ட் அணியில் உதவிப் பயிற்சியாளர். 2013-ல் அந்த அணி ஆசியாவின் சாம்பியன். பிறகு தனியாகப் பொறுப்பேற்று ஹெபெய் அணியை 2015-ல் முதல் பிரிவுக்கு ஏற்றினார். 2018-ல் வூஹான் அணியையும் ஏற்றினார். தொட்டதெல்லாம் துலங்கியது. 2020 ஜனவரியில் தேசிய அணியின் தலைமைப் பயிற்சியாளர் பதவி. ‘உழைப்புக்குக் கிடைத்த பரிசு’ என்று எழுதினார்கள்.

தகுதிச் சுற்றில் தோல்விமேல் தோல்வி. 2021 டிசம்பரில் விலகினார். 2022 நவம்பரில் விசாரணைக்காகப் பிடித்துச் செல்லப்பட்டார். அதற்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் அவரை வெளியுலகம் பார்க்கவில்லை.

மறுபடி பார்த்தது 2024 ஜனவரியில், அரசுத் தொலைக்காட்சியின் ஊழல் ஒழிப்பு ஆவணப்படத்தில். கறுப்பு உடையில் உட்கார்ந்து, அவரே வாயைத் திறந்து சொன்னார். தேசிய கோச் பதவிக்காகக் கொடுக்கப்பட்ட லஞ்சம் மொத்தம் 30 லட்சம் யுவான். நம் கணக்கில் மூன்றரைக் கோடி ரூபாய். அதில் 20 லட்சம், வூஹான் கிளப் வழியாகக் கால்பந்துச் சங்கத் தலைவருக்கு. 10 லட்சம், சங்கத்தின் பொதுச்செயலாளருக்கு. பதவி கைக்கு வந்ததும், பதிலுக்கு வூஹான் அணியின் நான்கு பேரைத் தேசிய அணிக்குள் சேர்த்தார். அதற்கும் முன்னால், ஹெபெய் அணி முதல் பிரிவுக்கு ஏறியதே எதிரணிக்குப் பணம் கொடுத்துத்தான். ‘தொட்டதெல்லாம் துலங்கியது’ என்று மேலே எழுதினேனே, துலங்கியது இப்படித்தான்.

இந்த வழியில் ஒருமுறை ஜெயித்துவிட்டால் அடுத்த வெற்றிக்கு மனசு இன்னும் பறக்கும், அது பழக்கமாகிவிடும் என்று அந்தப் படத்தில் சொல்கிறார். அந்தக் காலத்தில் கால்பந்தில் இதெல்லாம் நடைமுறையாகவே இருந்தது என்றும் சொல்கிறார். இரண்டாவது வாக்கியத்தைத் தப்பிப்பதற்கான சாக்கு என்று தள்ளிவிடலாம். முழுக்கத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால், அது உண்மையும்கூட.

2002-ல் சீனாவின் கோலைக் காத்த ஜியாங் ஜின், அதே அணியின் சீ ஹோங், இருவரும் ஆட்டத்தை விற்றதற்காக 2012-ல் ஜெயிலுக்குப் போனார்கள். அந்த உலகக் கோப்பைக்குப் போன சீன நடுவர் லூ ஜுன்னுக்கு ஊரில் ‘தங்க விசில்’ என்று பெயர். அவரும் அதே வருடம் உள்ளே போனார். கால்பந்துச் சங்கத்தின் முன்னாள் தலைவர்கள் இரண்டு பேருக்குத் தலா பத்தரை ஆண்டு. இத்தனையும் நடந்தபோது லீ தியே லிப்பி பக்கத்தில் உட்கார்ந்து கோச் வேலை கற்றுக்கொண்டிருந்தார். தன்னோடு ஒரே அறையில் சட்டை மாற்றியவர்கள் கம்பிக்குப் பின்னால் போவதைப் பார்த்தவர், மூன்றே வருடத்தில் அதே கடையில் வியாபாரத்துக்கு நின்றார். பயம் வரவில்லையா? அல்லது, மாட்டிக்கொண்டவர்கள் சாமர்த்தியம் போதாதவர்கள் என்று நினைத்தாரா?

எனக்குப் பெரிதாக உறுத்துவது வேறு. 92 ஆட்டம், இங்கிலாந்து அனுபவம், லிப்பியின் பாசறை. இந்த மூன்றும் கையில் இருந்த ஒருவருக்கு, அந்த நாற்காலி கேட்காமலேயே கிடைத்திருக்கக்கூடும். கிடைத்திருக்குமா என்பது இனி அவருக்கே தெரியப்போவதில்லை. ‘இன்னும் பத்து சுற்று ஓடினால் போதும்’ என்று நம்பிய பையன், எந்த இடத்தில் ‘ஓட்டம் போதாது, கவர் வேண்டும்’ என்று முடிவுக்கு வந்தான்? ஆவணப்படத்தில் அதற்குப் பதில் இல்லை.

தீர்ப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. சங்கத் தலைவராக இருந்த சென் சூயுவான் 8 கோடி யுவானுக்கு மேல் லஞ்சம் வாங்கியதற்கு 2024 மார்ச்சில் ஆயுள் தண்டனை. பொதுச்செயலாளருக்கு 11 ஆண்டு. 2024 டிசம்பர் 13 அன்று லீ தியேவுக்கு 20 ஆண்டு. வாங்கியதற்கும் கொடுத்ததற்கும் சேர்த்து. 2025 ஏப்ரலில் மேல்முறையீடும் தள்ளுபடியானது. முழுத் தண்டனையையும் கழித்துவிட்டு வந்தால் வயது அறுபதைத் தாண்டியிருக்கும்.

2025 ஜூனில் இந்தோனேசியாவிடம் 0-1 என்று தோற்று, அடுத்த உலகக் கோப்பை வாய்ப்பையும் சீனா இழந்தது. உள்ளூர் ரசிகர்கள் இதற்கெல்லாம் கோபப்படுவதை விட்டு நாளாகிவிட்டது. ஜோக் அடிக்கிறார்கள்.

லீ தியே நடந்து வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தால் அங்கே ஒன்றுமே மிச்சமில்லை. வூலிஹே மைதானத்தை 2007-லேயே வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். லியாவ்னிங் கிளப் 2020-ல் கலைந்தது. வூஹானும் ஹெபெயும் 2023-ல். ஆசிய சாம்பியனான குவாங்ஜோ கடன் தீர்க்க முடியாமல் 2025 ஜனவரியில் மூடப்பட்டது. எவர்ட்டன் மட்டும் இருக்கிறது. அதுவும் புது ஸ்டேடியத்துக்குக் குடிபோய்விட்டது. அந்தப் புத்தாண்டு ஆட்டம் நடந்த பழைய குடிசன் பார்க்கில் இப்போது எவர்ட்டனின் பெண்கள் அணி ஆடுகிறது.