லே போற வண்டிக்கு எமன் தண்ணியா, புழுதியா?

வருஷா வருஷம் செமஸ்டர் பரீட்சை நெருங்கும்போது நம்ம பசங்க மத்தியில் ஒரு குரல் கிளம்பும்: "மச்சி, இந்த லீவுக்கு லே-லடாக் போறோம்டா!" பரீட்சை முடிந்ததும் அந்தத் திட்டம் ஏலகிரியோடு முடிந்துவிடும், அது வேறு கதை. இந்தத் தடவை சிலர் நிஜமாகவே கிளம்புகிறார்கள் போலிருக்கிறது. ரெண்டு ஜீப், நாலு பைக். பேச்சு முழுக்க ஒரே பொருளைப் பற்றித்தான்: ஸ்நார்க்கல். அதுதான், ஜீப்பின் முன்கண்ணாடி ஓரமாக யானைத் தும்பிக்கை மாதிரி மேலே ஏறுமே, அந்தக் கறுப்புக் குழாய். அது இல்லாமல் போனால் முதல் ஓடையிலேயே எஞ்சின் காலி என்று எல்லாரும் சத்தியம் செய்கிறார்கள்.

என் கட்சி வேறு. மலைப்பாதையில் எஞ்சினைக் கெடுப்பதில் தண்ணீருக்குப் பேர் பெரிசு. ஆனால் சத்தமில்லாமல் நிறைய வேலை பார்ப்பது புழுதிதான். தண்ணீரைச் சமாளிக்கத் தேவை பொறுமை. புழுதியைச் சமாளிக்கத் தேவை ஒரு நல்ல ஏர் ஃபில்டர், கொஞ்சம் கவனம். நாமோ தண்ணீருக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவு செய்துவிட்டு, புழுதிக்கு ஒன்றுமே செய்யாமல் கிளம்புகிறோம்.

சும்மா சொல்லவில்லை. கணக்கு போட்டுப் பார்ப்போம்.

தண்ணீர்: மூன்று மூடி போதும்

2 லிட்டர், நாலு சிலிண்டர் டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டருக்கு 500 சிசி. கம்ப்ரெஷன் விகிதம் 17 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிச்சம் இருக்கும் இடம் சுமார் 31 சிசி. இருமல் மருந்து பாட்டிலின் 10 மில்லி மூடியில் அளந்தால் மூன்று மூடி. காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. மூன்று மூடிக்கு மேல் தண்ணீர் உள்ளே போனால் பிஸ்டன் மேலே போக இடமில்லை. ஆனால் கிராங்க் தள்ளுவதை நிறுத்தாது. நடுவில் மாட்டிக்கொள்ளும் கனெக்டிங் ராடு வளைகிறது அல்லது உடைகிறது. இதுதான் ஹைட்ரோலாக். பெட்ரோல் எஞ்சினில் கம்ப்ரெஷன் விகிதம் 10 என்று வைத்தால் 55 சிசி வரை இடம் உண்டு. டீசலுக்கு அந்தச் சலுகையும் இல்லை.

சென்னைக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இந்த வார்த்தை ஊருக்கே பழகிவிட்டது. நின்றுபோன வண்டியை "ஒரு தடவை சாவி போட்டுப் பார்ப்போமே" என்று முயற்சி செய்வதுதான் எஞ்சினின் கதையை முடிக்கும். சாதாரண இன்ஷூரன்ஸில் பொதுவாக இது வராது, எஞ்சின் பாதுகாப்புக்கென்று தனியாக ஆட்-ஆன் வாங்கியிருக்க வேண்டும்.

அப்போ ஸ்நார்க்கல் வேண்டும்தானே? அவசரப்படாதீங்க.

ஸ்நார்க்கல் தீர்ப்பது ஒரே ஒரு பிரச்சினையை: காற்று உள்ளே போகும் வாயை உயரத்துக்குக் கொண்டுபோகிறது. ஒயரிங், ரேடியேட்டர் ஃபேன், டிஃபரன்ஷியல் எல்லாம் பழைய இடத்தில்தான் இருக்கின்றன. வெந்துகொண்டிருக்கும் டிஃபரன்ஷியல் பனி உருகிய தண்ணீரில் சட்டென்று இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். பிரீதர் குழாயின் வாயும் தண்ணீருக்குள் இருந்தால், அது வழியாகவோ ஆயில் சீல் வழியாகவோ தண்ணீரையே உறிஞ்சிக்கொள்ளும். ஊர் திரும்பி ஆயிலை இறக்கினால் பால் கலந்த டீ நிறத்தில் வரும். இதற்கு மருந்து, பிரீதர் குழாயை நீட்டி பானெட் உயரத்துக்குக் கொண்டுவருவது. ஒரு ரப்பர் குழாய், ஒரு கிளிப், அவ்வளவுதான். இதைப் பற்றி ஒருத்தரும் பேசக் காணோம். குழாய் வெளியே தெரியாது, போட்டோவிலும் வராது இல்லையா?

மஹிந்திரா தாருக்கு 650 மி.மீ., ஃபோர்ஸ் கூர்க்காவுக்கு 700 மி.மீ., ஏர் சஸ்பென்ஷனோடு வரும் லேண்ட் ரோவர் டிஃபெண்டருக்கு 900 மி.மீ. என்று அந்தந்தக் கம்பெனிகளே ஆழம் சொல்லியிருக்கின்றன. கூர்க்கா கம்பெனியிலேயே ஸ்நார்க்கலோடு வருகிறது, அப்படியும் 700தான். நாமாக ஒரு குழாயை மாட்டினால் 650 என்பது 1000 ஆகிவிடாது.

வெளியில் மாட்டும் ஸ்நார்க்கலில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஃபெண்டரில் ஓட்டை போட்டு, உள்ளே ஒரு ஹோஸால் இணைத்து, கிளாம்ப் போட்டு விடுவார்கள். அந்த இணைப்பு ஒழுங்காக மூடவில்லை என்றாலோ, ஃபில்டர் பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய விட்ட துளையை அடைக்கவில்லை என்றாலோ, தண்ணீர் அதே பழைய உயரத்தில் உள்ளே போகும். மேலே தும்பிக்கை, கீழே ஓட்டை. ஓட்டுகிறவருக்கு மட்டும் தைரியம் கூடியிருக்கும்.

இந்தத் தைரியம்தான் எனக்குப் பயம். மணாலி-லே பாதையிலும் ஸ்பிதி பக்கமும் குறுக்கிடும் நாலாக்கள் பெரும்பாலும் பனி உருகி ஓடுபவை. விடியற்காலையில் அடங்கி ஓடும் தண்ணீர், வெயில் ஏற ஏறக் கூடி, பிற்பகலில் பாய்ந்து வரும். காலை ஆறு மணிக்கு முழங்காலுக்குக் கீழே இருந்தது மூன்று மணிக்கு இடுப்பைத் தொடலாம். இதற்குப் பாதுகாப்பு சீக்கிரம் எழுந்திருப்பது. அதை நழுவவிட்டால், கரையிலேயே தங்கி மறுநாள் கடப்பது. கம்பு ஊன்றி நடந்து பார்க்க முடியாத இடத்தில் வண்டியையும் இறக்கக் கூடாது. இறங்கினால் முதல் கியரில், ஆள் நடக்கிற வேகத்தில், நிறுத்தாமல் போக வேண்டும். நடுவில் எஞ்சின் நின்றால் ஸ்டார்ட்டரைத் தொடாமல் கட்டி இழுக்க வேண்டும். இதில் எதற்கும் காசு கிடையாது.

புழுதி: ஒரு மணி நேரத்தில் 120 கிராம்

இப்போ அடுத்த எமனுக்கு வருவோம். அதே 2 லிட்டர் எஞ்சின் 2000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் நிமிஷத்துக்கு 2000 லிட்டர் காற்றை இழுக்கும். ஒரு மணி நேரத்தில் 120 கன மீட்டர். டர்போ இருந்தால் இன்னும் அதிகம். முன்னால் போகும் வண்டி கண்ணுக்கே தெரியாத புழுதியில், ஒரு கன மீட்டர் காற்றில் 1 கிராம் மண் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் ஃபில்டருக்கு வந்து சேரும் மண் 120 கிராம்.

ஃபில்டர் 99% பிடித்தால் உள்ளே போவது 1.2 கிராம். 99.9% பிடித்தால் 0.12 கிராம். காதில் கேட்டால் 99-க்கும் 99.9-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. எஞ்சினுக்கு அது பத்து மடங்கு.

மலைப் புழுதியில் குவார்ட்ஸ் நிறைய. மோஸ் அளவில் அதன் கடினம் 7, சாதாரண கத்தி எஃகு ஐந்தரைதான். நம்ம தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால், எஞ்சினுக்கு ஆபத்தான துகள் 5 முதல் 20 மைக்ரான் வரைதான். கண்ணுக்கே தெரியாத அந்த மண் ஆயிலோடு கலந்து ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒர்க்‌ஷாப்பில் வால்வு தேய்க்க ஒரு கிரைண்டிங் பேஸ்ட் பயன்படுத்துவோமே, அதை எஞ்சினுக்குள் ஊற்றி ஓட்டுவதற்குச் சமம்.

கொடுமை என்னவென்றால், பயணத்தில் ஒன்றும் தெரியாது. வண்டி ஜம்மென்று ஊர் வந்து சேரும். ஆறு மாசம் கழித்து ஆயில் குறைய ஆரம்பிக்கும், நீலப் புகை வரும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். அப்போது யாரும் லடாக்கை நினைக்க மாட்டோம், வண்டி செய்த கம்பெனியைத்தான் திட்டுவோம்.

நம் பசங்க செய்கிற வேலை

மண் பெரும்பாலும் ஃபில்டர் தாளைத் துளைத்துக்கொண்டு போவதில்லை. பக்கத்தில் வழி கண்டுபிடித்துப் போகிறது. சரியாக உட்காராத ரப்பர் விளிம்பு, வெடித்த ஹோஸ், தளர்ந்த கிளாம்ப். இதைக் கண்டுபிடிக்க ஒரு வெள்ளைத் துணி போதும். ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் குழாயின் உள்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. கிளம்புவதற்கு முன் ஒரு தடவை, திரும்பியதும் ஒரு தடவை.

அடுத்தது, தினமும் ஃபில்டரைக் கழற்றித் தட்டுவது. அக்கறையில் செய்வதுதான், ஆனால் தப்பு. தாள் ஃபில்டரில் மெல்லிய மண் படிந்தால் அந்தப் படிவே இன்னொரு ஃபில்டராக வேலை செய்து, இன்னும் நுண்ணிய துகளைப் பிடிக்கும். ஓரளவு அழுக்கான ஃபில்டர் புது ஃபில்டரைவிட நன்றாக வடிகட்டும். கம்ப்ரெஸர் காற்றை வைத்து அடித்தால் தாளில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். ஒவ்வொரு தடவை பெட்டியைத் திறக்கும்போதும் சுத்தமான பக்கத்தில் மண் விழ வாய்ப்பு.

அதற்காக அடைத்துப்போகும் வரை விடவும் கூடாது. தங்லங் லா 5,328 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட பாதி. மூச்சுக்கே தவிக்கிற எஞ்சினின் மூக்கை வேறு அடைத்தால் கறும்புகைதான் வரும். எனவே கையில் ஒரு புது ஃபில்டர் இருக்கட்டும். பழையது அடைத்தால் காற்றடங்கிய இடத்தில் வைத்து மாற்றிவிடுங்கள், ஊதிப் பார்க்காதீர்கள்.

பைக்குக்காரர்களே, சத்தத்துக்காகப் போட்ட அந்தத் துணி வலை ஃபில்டரைக் கழற்றி வையுங்கள். காற்று தாராளமாகப் போகும் வழியில் மண்ணும் தாராளமாகப் போகும்.

இதையெல்லாம் நம் ஊர் டிராக்டர்காரர்கள் எப்போதோ கரைத்துக் குடித்துவிட்டார்கள். கோடை உழவில் டிராக்டர் கிளப்பும் புழுதி எந்த மலைப்பாதைக்கும் சளைத்ததில்லை. காற்றைச் சுழற்றி மண்ணைப் பிரிக்கும் பிரீ-கிளீனரும், அதற்கடுத்து ஆயில் பாத் ஃபில்டரும் பல டிராக்டர்களில் இன்றும் உண்டு. காலையில் வண்டி எடுப்பதற்கு முன் அந்தக் கிண்ணத்தைப் பார்க்கிற பழக்கமும் உண்டு. அவருக்கு எஞ்சின் சோறு போடுவது, அதனால் பார்க்கிறார்.

ஸ்நார்க்கலுக்கு ஒரு நியாயம்

ஸ்நார்க்கல் வீண் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் அதை விற்பவர்கள் "உயர்த்தப்பட்ட காற்றுவழி" என்ற பொருள்படத்தான் பேர் வைத்திருக்கிறார்கள். சக்கரம் கிளப்பும் புழுதி கீழேதான் அடர்த்தி. கூரை உயரத்தில் காற்று சுத்தம், ஃபில்டருக்கு வேலை குறைவு. அதன் தினசரிப் பயன் தண்ணீரில் இல்லை, புழுதியில்தான். வாங்குவதானால் அதற்காக வாங்குங்கள், இணைப்புகளை ஒழுங்காக மூடச் சொல்லுங்கள். வாங்க முடியவில்லையா? முன் வண்டியின் புழுதி அடங்கும் வரை இடைவெளி விட்டு ஓட்டுங்கள். பாதிப் பலன் இலவசம்.

"தண்ணீர் ஒரு நொடியில் கொல்லும், புழுதி ஆறு மாசம் எடுக்கும், அப்போ தண்ணீருக்குத்தானே முதலில் பயப்படணும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் தண்ணீருக்கு முன்னால் நின்று "இன்று வேண்டாம்" என்று முடிவெடுக்க நமக்கு நேரம் இருக்கிறது. புழுதி அந்த வாய்ப்பைத் தராது, ஓடுகிற ஒவ்வொரு நிமிஷமும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் அதற்கான ஏற்பாட்டைக் கிளம்புவதற்கு முன்னாலேயே செய்யச் சொல்கிறேன். அதோடு, நாலாவில் அடித்துக்கொண்டு போவது எஞ்சின் மட்டும் இல்லை, உள்ளே இருக்கிற நாமும்தான். கரையில் உட்கார்ந்து ஒரு ராத்திரி மேகி தின்பதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை :-)

போய் வாங்க மக்களே. ஒரு புது ஃபில்டர், ஒரு வெள்ளைத் துணி, ரெண்டு மீட்டர் ரப்பர் குழாய். இந்த மூன்றும் மூட்டையில் இருக்கட்டும்.