பல் டாக்டரே மாத்திரை தரலாமா? சட்டம் சொல்வது என்ன?

பல்லைப் பிடுங்கிய கையோடு, 'இந்தாங்க, மூணு நாளைக்குப் போடுங்க' என்று கிளினிக்கிலேயே மாத்திரை கொடுக்கும் டாக்டர்கள் உண்டு. மெடிக்கல் ஷாப் லைசென்ஸ் இல்லாமல் இப்படித் தருவது குற்றமா?

குற்றம் இல்லை. ஆனால் நிபந்தனைகள் இருக்கின்றன.

லைசென்ஸ் வேண்டாமா?

இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் மருந்து விற்றால், 1940-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி பொதுவாக 3 முதல் 5 ஆண்டு வரை சிறை. அபராதம் குறைந்தது 1 லட்சம் ரூபாய்.

ஆனால் 1945-ம் ஆண்டு விதிகளில் உள்ள 'அட்டவணை கே', பதிவு பெற்ற மருத்துவர்களுக்கு இதிலிருந்து விலக்கு தருகிறது. பல் மருத்துவர் பதிவேட்டில் இருப்பவர்களையும் அந்த விதிகள் பதிவு பெற்ற மருத்துவர்களாகவே கருதுகின்றன.

நிபந்தனைகள் என்னென்ன?

* தன்னிடம் சிகிச்சை பெறுபவருக்கு மட்டுமே தர வேண்டும். கடை போல நடத்தவோ, கவுன்டரில் விற்கவோ கூடாது.
* லைசென்ஸ் உள்ளவர்களிடம்தான் மருந்து வாங்க வேண்டும். பேட்ச் எண் உட்பட கொள்முதல் விவரங்களை எழுதி வைக்க வேண்டும். ஆய்வாளர் கேட்டால் காட்ட வேண்டும்.
* அமாக்சிசிலின் போன்ற 'அட்டவணை எச்' மருந்து என்றால் கூடுதல் கட்டுப்பாடு. லேபிளில் டாக்டரின் பெயர், முகவரி, உட்கொள்ளும் அளவு இருக்க வேண்டும். நோயாளி பெயர், மருந்து, தேதி ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, குறைந்தது 2 ஆண்டு பாதுகாக்க வேண்டும்.

கோர்ட் என்ன சொன்னது?

சென்னையைச் சேர்ந்த தோல் டாக்டர் ஒருவர் தன் கிளினிக்கில் கொஞ்சம் மருந்து வைத்திருந்ததற்காக வழக்கைச் சந்தித்தார். 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. சிறிய அளவு மருந்து, பதிவு பெற்ற மருத்துவர், திறந்த கடை நடத்தவில்லை என்பதை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. அவர் நம்பியிருந்தது இதே 'அட்டவணை கே' விலக்கைத்தான்.

நோயாளிக்கு இதில் என்ன?

பட்டையிலிருந்து கத்தரித்துத் தரும் மாத்திரையில் பல நேரம் பெயரும் இருக்காது, காலாவதி தேதியும் இருக்காது. பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர் அமாக்சிசிலின் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். ராத்திரியில் உடம்பெல்லாம் தடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினால், 'என்ன மாத்திரை போட்டீங்க?' என்பதுதான் அங்கே முதல் கேள்வியாக இருக்கும். லேபிள் இருந்தால் உடனே பதில் சொல்லலாம்.

அதனால் கிளினிக்கில் மாத்திரை வாங்கும்போது, ஒவ்வாமை இருந்தால் முதலில் சொல்லிவிடுங்கள். மருந்தின் பெயர், அளவு, காலாவதி தேதியைத் தயங்காமல் எழுதிக் கேளுங்கள்.